யாருடைய வண்டி

1990 ஜூலை 27 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஆட்டன் என்ற நீதிபதி ஒரு காரைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார். காருக்குப் பேசி முடித்திருந்த விலை ஒரு கோடி பவுன். ஒப்பந்தம் போட்ட பிறகு, வாங்க வந்த நிறுவனம் பணம் தர மறுத்தது. நீங்கள் விற்பதாகச் சொன்ன கார் இது இல்லை என்பது அவர்கள் கட்சி. இதுதான் அந்தக் கார், பேசிய பணத்தைக் கொடுங்கள் என்று விற்றவர் வழக்குப் போட்டார். ஹப்பர்ட் எதிர் மிடில்பிரிட்ஜ் ஸ்கிமிட்டர் என்பது வழக்கின் பெயர். அறுபது வருடத்துக்கு முன் ஓடிய ஒரு பந்தயக் கார், பாகங்கள் ஏறக்குறைய எல்லாமே மாறிப்போன பிறகும் அதே கார்தானா என்று ஒரு நீதிபதி முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

நான் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயர். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று லாரி ஊர்களிலேயே தலை நரைத்தது. நொறுங்கிய வண்டியைப் பார்த்து, இது இன்னும் வண்டியா, இரும்பா என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. வீட்டில் அப்பா சைவ சித்தாந்தம் பாடம் கேட்டவர். பகலில் சேசிஸும் இரவில் ஆன்மாவுமாக வளர்ந்தவன் கண்ணில் இந்த வழக்கு பட்டால் விடுமா? இதைப் பற்றி நண்பர்களிடம் வாயால் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். இப்போது எழுதிவைக்கிறேன்.

காரின் பெயர் ஓல்டு நம்பர் ஒன். பென்ட்லி கம்பெனியின் ஸ்பீடு சிக்ஸ். ஆறு சிலிண்டர், ஆறரை லிட்டர் எஞ்சின். 1929-ல் பிரான்சில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் உல்ஃப் பார்னடோவும் டிம் பிர்கினும் இதை ஓட்டி முதலாவதாக வந்தார்கள். அந்த வருடம் முதல் நான்கு இடமும் பென்ட்லிக்கே. பார்னடோ வெறும் ஓட்டுநர் இல்லை. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரத்தில் சம்பாதித்த பார்னி பார்னடோவின் மகன். பணமில்லாமல் தள்ளாடிய பென்ட்லி கம்பெனிக்குத் தன் சொத்தைப் போட்டுத் தலைவரானவர். தன் கம்பெனியின் காரைத் தானே இரவும் பகலும் ஓட்டி ஜெயித்தார்.

1930-ல் மறுபடி லெ மான், மறுபடி இதே கார். இந்த முறை பார்னடோவுடன் கிளென் கிட்ஸ்டன். எதிரே கரச்சியோலாவும் வெர்னரும் ஓட்டிய மெர்சிடிஸ் எஸ்எஸ்கே. அந்த மெர்சிடிஸை விரட்டி விரட்டியே ஓய வைத்தார்கள். இரவில் அது நின்றுபோனது. பென்ட்லி முதலிடமும் இரண்டாமிடமும் பிடித்தது. ஒரே கார் லெ மானில் இரண்டு முறை ஜெயித்தது அதுவே முதல் தடவை. பார்னடோ லெ மானில் கலந்துகொண்டது மூன்றே தடவை, மூன்றிலும் வெற்றி. அப்படி இன்னொருவரை அந்தப் பந்தயச் சரித்திரத்தில் தேட வேண்டும்.

அதோடு பென்ட்லி கம்பெனி பந்தயத்தை நிறுத்தியது. 1931-ல் கம்பெனியே மூழ்கி ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது. கார் நிற்கவில்லை. அந்த வருடம் இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் என்ற இடத்தில் நடந்த 500 மைல் பந்தயத்தில் ஜாக் டன்ஃபி, சிரில் பால் இருவரும் இதை ஓட்டி ஜெயித்தார்கள். புரூக்லண்ட்ஸ் 1907-ல் கட்டிய கான்கிரீட் ஓடுதளம். வளைவுகளில் தளத்தைச் சுவர்போலச் சாய்த்து உயர்த்தியிருப்பார்கள். வேகம் கூடக் கூடக் கார் அந்தச் சரிவில் மேலே மேலே ஏறும்.

அடுத்த வருடம் காருக்கு எட்டு லிட்டர் எஞ்சின் மாற்றினார்கள். சேசிஸும் மாறியது. 1932 செப்டம்பர் 24, அதே 500 மைல் பந்தயம். ஜாக்கின் தம்பி கிளைவ் டன்ஃபி ஓட்டிக்கொண்டிருந்தார். மெம்பர்ஸ் பேங்கிங் என்ற உயரமான வளைவில் கார் மேல் விளிம்பைத் தாண்டி வெளியே போய் விழுந்தது. கிளைவ் இறந்துபோனார். ஜேன் பேக்ஸ்டர் என்ற நடிகையை மணந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

பார்னடோ அந்தக் காரை எடைக்குப் போடவில்லை. மறுபடி கட்டச் சொல்லி, சாலையில் ஓட்டும் மூடிய காராக்கினார். பின்னால் பல கை மாறியது. உடல் மாறியது. கடைசியில், ஜெயித்த நாட்களில் இருந்த திறந்த தோற்றத்தோடு 1990-ல் ஒரு கோடி பவுன் விலைக்கு வந்து நின்றது.

நீதிபதி ஆட்டன் செய்த வேலை என் மனதுக்கு மிக நெருக்கமானது. நல்ல சர்வேயர் செய்வதைத்தான் அவர் செய்தார். எந்தப் பாகம் எந்த வருடத்துடையது என்று நிபுணர்களை நிறுத்திக் கேட்டு, பட்டியல் போட்டார். 1929-ல் ஜெயித்த காரிலிருந்து, இன்ன காலத்தது என்று சொல்ல முடியாத சில சில்லறைச் சாமான்களைத் தவிர எதுவும் மிச்சமில்லை. 1930-ல் ஜெயித்த காரிலிருந்து மூன்று: பெடல் ஷாஃப்ட், கியர் பாக்ஸின் வெளிக்கூடு, ஸ்டியரிங் காலம். 1932-ல் கிளைவ் டன்ஃபியோடு விழுந்த காரிலிருந்து நிறைய இருந்தது. சேசிஸ் சட்டம், சஸ்பென்ஷன், முன் ஆக்சில் பீம், பின் ஆக்சிலின் கூடு, பின் பிரேக்குகள், எட்டு லிட்டர் எஞ்சின்.

இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காருக்கு ஒரு கோடி வந்தது லெ மான் வெற்றிகளால். ஆனால் வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் இரும்பில் பெரும்பகுதி, ஒரு மனிதன் இறந்த வண்டியின் இரும்பு.

இதை வைத்துக்கொண்டு ஆட்டன் என்ன சொன்னார்? இந்தக் கார் ஆதியில் இருந்த அதே கார் என்று சொல்ல முடியாது, அதற்குப் பக்கத்தில்கூட வராது என்று ஒத்துக்கொண்டார். பழைய பெயரை வைத்துப் புதிதாகச் செய்த நகல் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் பழையது ஒருநாளும் அழிந்துபோகவில்லை என்றார். பந்தயக் கார் என்றால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிரித்து மாற்றிக் கட்டுவதுதான் வழக்கம். அப்படி மாறி மாறி வந்தாலும் அது எந்த ஒரு கட்டத்திலும் இல்லாமல் போய், பிறகு முளைத்தது கிடையாது. ஆகவே இது உண்மையான ஓல்டு நம்பர் ஒன்தான், ஒப்பந்தம் செல்லும் என்று விற்றவர் பக்கம் தீர்த்தார்.

தத்துவம் படித்தவர்கள் உடனே புளூட்டார்க்கைச் சொல்வார்கள். தீசியஸ் ஏறிவந்த கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பாதுகாத்தார்கள், உளுத்த பலகையை எடுத்துப் புதுப் பலகை வைத்துக்கொண்டே வந்தார்கள், கடைசியில் அது அதே கப்பலா என்று சிந்தனையாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள் என்று அவர் எழுதினார். 17-ம் நூற்றாண்டில் ஹாப்ஸ் அதில் இன்னொரு முடிச்சுப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்?

ஹாப்ஸின் கேள்வியை நான் ஏட்டில் படிக்கும் முன்பே பட்டறையில் பார்த்துவிட்டேன். சேசிஸ் நம்பர் எடுப்பது எப்படி என்று சொல்கிறேன். பெரும்பாலும் வலது பக்க முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சட்டத்தின் மேல் நம்பர் குத்தியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கிரீஸையும் மண்ணையும் துடைக்க வேண்டும். துரு இருந்தால் உப்புக்காகிதம். பிறகு மெல்லிய தாளை வைத்து விரலால் அழுத்திப் பிடித்து, பென்சில் முனையைப் படுக்கவைத்துத் தேய்த்தால், கருப்புக்கு நடுவில் வெள்ளையாக எண்கள் ஒவ்வொன்றாக வரும். யாராவது பழைய நம்பரை கிரைண்டரால் தேய்த்துவிட்டு வேறு நம்பர் குத்தியிருந்தால் அந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். தேய்த்த இடம் சற்றுப் பள்ளமாக இருக்கும். எண்கள் ஒரே ஆழத்தில் இருக்காது, வரிசை லேசாக ஏறி இறங்கும். எரிந்துபோன வண்டியின் புத்தகத்தை வாங்கிவைத்துக்கொண்டு, திருடிய வண்டியில் அந்த நம்பரைக் குத்தி ஓட்டுகிறவர்கள் உண்டு. புத்தகம் சரியாக இருக்கும், நம்பர் சரியாக இருக்கும், வண்டி மட்டும் அது இல்லை. உலகப் புகழ்பெற்ற பந்தயக் கார்களிலும் ஒரே சேசிஸ் நம்பருக்கு இரண்டு கார்கள் உரிமை கொண்டாடிய தகராறுகள் இருக்கின்றன. ஒன்றிடம் பழைய சட்டம், இன்னொன்றிடம் பழைய காகிதம்.

ஆகவே பொருள்தான் அடையாளம் என்றால் ஆட்டன் தோற்றார். பெயர்தான் அடையாளம் என்றால் நம்பர் திருடன் ஜெயித்தான். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

கப்பலைவிட நமக்குக் கிட்டத்தில் ஒரு தேர் இருக்கிறது. கிரேக்க வம்சத்து அரசன் மினாண்டர், பௌத்தர்கள் மிலிந்தன் என்று சொல்கிறவன், நாகசேனர் என்ற துறவியைப் பார்க்கப் போகிறான். நாகசேனன் என்பது வெறும் அழைப்புப் பெயர், அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் கிடையாது என்கிறார் அவர். அரசன் சண்டைக்கு வருகிறான். நீங்கள் நடந்து வந்தீர்களா, தேரில் வந்தீர்களா என்று கேட்கிறார் துறவி. தேரில். அப்படியானால் தேரைக் காட்டுங்கள். அச்சு தேரா? இல்லை. சக்கரமா? இல்லை. நுகமா, கடிவாளமா, தார்க்கோலா? இல்லை, இல்லை. எல்லாம் சேர்ந்தா? அதுவும் இல்லை. இவற்றுக்கு வெளியே ஏதாவதா? இல்லை. அப்படியானால் தேர் எங்கே? பாகங்கள் இப்படிச் சேர்ந்திருப்பதை முன்னிட்டுத் தேர் என்று சொல்கிறோம், அவ்வளவுதான் என்று அரசன் வாயாலேயே வரவழைக்கிறார்.

இந்த வாதத்தை நான் மனதார மதிக்கிறேன். பிரித்துப் போட்ட எஞ்சினைப் பார்த்தவன் எவனும் இதை மறுக்க மாட்டான். கார்ப்பாயில் பரப்பிவைத்த பிஸ்டன், வால்வு, கிராங்க், போல்ட், நட்டு. இதில் எங்கே எஞ்சின் இருக்கிறது? கியர் பாக்ஸ் கூட்டுக்குள் ஓல்டு நம்பர் ஒன் என்று ஒன்று ஒளிந்திருந்ததா? ஆட்டனும் அப்படி எதையும் தேடவில்லை. நாகசேனர் வேறோர் இடத்தில் விளக்கைச் சொல்கிறார். முதல் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றல்ல. ஆனால் வேறு வேறு விளக்கும் இல்லை. ஆட்டன் தீர்ப்பின் உயிர் இதுவேதான். அணையாமல் வந்தது, அதனால் அது.

அணைவது என்றால் என்ன என்பதைச் சொல்லும் வேலைதான் என் தொழில். பழுதுபார்க்கும் செலவு வண்டியின் காப்பு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்று எழுதலாம் என்பது நம் நாட்டு மோட்டார் பாலிசியின் கணக்கு. அந்தக் கையெழுத்து விழுந்ததும் வண்டி சால்வேஜ் ஆகிவிடுகிறது. அதே டயர், அதே ஸ்டியரிங்தான். ஆனால் நேற்றுவரை வண்டி என்று கூப்பிட்டவன் இன்று கிலோ என்ன விலை என்று கேட்கிறான். 1932 செப்டம்பரில் புரூக்லண்ட்ஸில் விழுந்து கிடந்ததை யாராவது அப்படி எழுதிக்கொடுத்து, உரிமையாளர் சரி என்று கைகழுவியிருந்தால், பிறகு அதே பாகங்களை வைத்து யார் கட்டினாலும் அது ஓல்டு நம்பர் ஒன் ஆகியிருக்காது என்று நான் நம்புகிறேன். இரும்பு அதிகமாகவே மிஞ்சியிருக்கும், கார் மிஞ்சியிருக்காது. அன்று அது பிழைத்தது, அதைத் தன் வண்டி என்று ஒருவர் விடாமல் பிடித்திருந்ததால். நம் கோயில்களில் திருப்பணி தொடங்கும்போது மூலவரின் சாந்நித்தியத்தைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்துவிட்டுத்தான் விமானத்தில் கை வைக்கிறார்கள். கல்லும் சுதையும் வண்ணமும் மாறும் காலம் முழுக்கச் சாமிக்கு ஒரு வேளைப் பூசைகூட நிற்பதில்லை. அதனால்தான் குடமுழுக்கு முடிந்த பிறகு அது அதே கோயில்.

அப்படியானால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அறாமல் வந்ததால் லெ மான் வெற்றி இந்தக் காருக்குச் சேரும் என்றால், அதே கயிற்றில் கிளைவ் டன்ஃபியின் சாவும் சேர்ந்துதானே வரும்? விற்பனைக்கு வரும் பழைய கார்களின் குறிப்புகளைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஜெயித்த வருடம் தலைப்பில் இருக்கும், செத்தவர் பெயர் நடுவில் எங்கோ ஒரு வரியில் இருக்கும். ஜெயிக்கும்போது இதே கார், கொல்லும்போது வேறு எஞ்சின் என்று பேசுவது எனக்கு ஒவ்வாது. பொருளை வைத்துப் பார்த்தாலோ கணக்கு நேர்மாறு. வெற்றியின் இரும்பு மூன்று துண்டு, சாவின் இரும்பு ஒரு முழுச் சட்டம்.

நாகசேனர் இதையும் விடவில்லை. ஒருவன் மாம்பழம் திருடிவிட்டு, இவர் நட்டது வேறு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு பழம், ஆகவே நான் குற்றவாளி இல்லை என்று சொன்னால் அரசனே, தண்டிக்காமல் விடுவாயா என்கிறார். விட மாட்டேன், அந்தப் பழம் அந்தக் கொட்டையிலிருந்துதானே வந்தது என்கிறான் மிலிந்தன். செய்தவனும் அனுபவிப்பவனும் ஒரே ஆள் இல்லை, ஆனாலும் வினையிலிருந்து தப்ப முடியாது. பௌத்தம் ஆன்மாவைக் கைவிட்டும் வினையைக் கைவிடாத இடம் இது. மிகவும் நேர்மையான இடம்.

எனக்கு இங்கேதான் கால் நிற்கிறது. சங்ககிரிப் பக்கம் ஒரு லாரி. அது மோதி ஓர் ஆள் இறந்து, நஷ்டஈட்டு வழக்கும் நடந்தது. பிறகு வண்டி கை மாறியது. வாங்கியவர் எஞ்சினை மாற்றி, திருச்செங்கோட்டில் புது பாடி கட்டி, புது கேபினும் வைத்துவிட்டார். வேறொரு சின்ன கிளெய்முக்காக நான் போனபோது, பழைய விபத்துக் காகிதமும் கோப்பில் இருந்ததால் கேட்டேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "கேபின் புதுசுங்க சார், எஞ்சின் புதுசு, பாடி புதுசு. இதுல அந்த வண்டி எங்கீங்க இருக்குது?" என்றார். நியாயமான கேள்வி. நாகசேனரே வந்து கேட்டாலும் இப்படித்தான் கேட்பார். வண்டியோடு பழைய டிரைவரும் அவரிடம் வந்திருந்தார். அவர் அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் வண்டியை ஓரம் கட்டி ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் போவார் என்று கிளீனர் பையன் சொன்னான். ஏனுங்கண்ணா என்று டிரைவரிடம் கேட்டேன். "வண்டியில எதை வேணும்னாலும் மாத்தட்டுங்க சார். அன்னிக்கு ஸ்டியரிங் புடிச்சது நான்தானுங்களே" என்றார்.

வினை ஓடிவருவதற்கு ஒரு தொடர்ச்சி போதும் என்கிறார் துறவி. அந்த டிரைவரிடம் இருந்தது வெறும் தொடர்ச்சி இல்லை என்பது என் எண்ணம். மாம்பழம் கொட்டையிலிருந்து தொடர்ந்து வருகிறது, ஆனால் நான் அந்தக் கொட்டை என்று எந்த மாம்பழமும் நாணி நிற்பதில்லை. லாரி எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஓல்டு நம்பர் ஒன்னும் வெற்றியில் பூரித்ததில்லை, சாவில் கலங்கியதில்லை. அந்தக் காரின் அடையாளம் முழுக்கவே மனிதர்கள் கொடுத்த கடன். பார்னடோ என்னுடையது என்றார், பின்னால் வந்தவர்கள் என்னுடையது என்றார்கள், அந்தச் சொல்லின் மேல் ஏறி அது அறுபது வருடம் கடந்து வந்தது. தேரைப் பற்றி நாகசேனர் சொன்னது முழுக்கச் சரி. தேரில் வந்தவனைப் பற்றிச் சொன்னதில்தான் நான் பிரிகிறேன். என்னுடையது என்று சொல்ல வண்டிக்குள் யாரும் இல்லை. சொல்கிற இடம் ஒன்று வேண்டும்.

13-ம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் இருந்த மெய்கண்டார் இதைத்தான் பிடித்தார். சிவஞானபோதம் மொத்தம் 12 சூத்திரம், 40 வரி. மூன்றாவது சூத்திரம் ஆன்மா உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. இல்லை என்று சொல்லவே ஒருவன் வேண்டியிருக்கிறது என்பது முதல் காரணம். எனது உடல் என்று நாம் சொல்கிறோம், ஆகவே உடலுக்கு உடையவன் உடலின் வேறு என்பது அடுத்தது. அந்த உடலை மாயையால் ஆன இயந்திரம் என்றே அவர் சொல்கிறார். அப்பா இந்தச் சூத்திரத்தை விளக்கும்போது என் கையைத் தூக்கிக் காட்டுவார். இது யார் கை? என் கை. கை போனால் நீ போவாயா? போக மாட்டேன். நாகசேனர் அதே போலப் பாகம் பாகமாகக் கேட்டு, ஒன்றிலும் தேர் இல்லை என்று முடித்தார். மெய்கண்டார் அதே பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எனது என்று சொல்லித் தள்ளிக்கொண்டே வருகிறவன் யார் என்று கேட்டார். அவர் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தர்களுக்கு என்றே நீண்ட மறுப்பு எழுதினார். கணந்தோறும் அறிவு அழிந்து பிறக்கும் என்றால், முன் செய்ததைப் பின் நினைப்பவன் எவன் என்பது இந்த வழக்கின் ஆணிவேர்.

பௌத்தர் சும்மா இருக்க மாட்டார். வண்டியின் உடைமையாளன் என்று நீ காட்டுகிறவனும் இன்னொரு தேர்தான், அவனையும் பிரித்துப் பார் என்பார். பார்னடோ 1948-ல் இறந்தார். கிட்ஸ்டன் லெ மான் வெற்றிக்கு மறு வருடமே விமான விபத்தில் போனார், பிர்கின் 1933-ல். உடையவர்களே இப்படிக் கழன்று விழும்போது உடைமை எங்கே நிலைக்கும்? சித்தாந்தம் இந்த இடத்தில் தரும் பதில் எனக்கு நெடுநாள் வியப்பு. ஆன்மாவையும் தனித்து நிற்கும் முதலாளியாக அது விடுவதில்லை. ஆன்மா எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும், அறிவித்தால்தான் அறியும். வண்டி எனது என்று சொல்கிறவனும் ஒருவனுக்கு உடைமை. அதனால்தான் சம்பந்தரை ஆளுடைய பிள்ளை என்றும் அப்பரை ஆளுடைய அரசு என்றும் சைவர்கள் அழைக்கிறார்கள். உடைமைச் சரித்திரம் மேலே ஏறி ஏறிக் கடைசியில் உடையவன் ஒருவனிடம் போய் நிற்கிறது.

மெய்கண்டார் இருந்த அதே திருவெண்ணெய்நல்லூரில்தான் சைவத்தின் பெரிய உடைமை வழக்கும் நடந்தது. சேக்கிழார் தடுத்தாட்கொண்ட புராணத்தில் சொல்கிறார். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம் நடக்கிற வேளையில் சிவனே ஒரு கிழவராக வந்து, இவன் எனக்கு வழிவழி அடிமை என்று ஓலையை நீட்டினார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப்போட்டார். கிழித்தது படிதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று கிழவர் வெண்ணெய்நல்லூர் அந்தணர் அவைக்கு வழக்கைக் கொண்டுபோனார். சுந்தரரின் பாட்டனார் தானும் தன் வழித்தோன்றல்களும் அடிமை என்று எழுதிக்கொடுத்த ஓலை அது. எழுதியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எதிரே நிற்பவர் அந்த ஓலையை அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. அவையினர் பாட்டனார் கைப்பட எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒத்திருந்தன. பாட்டனாரின் உடம்பில் எத்தனை பங்கு இந்தப் பேரனிடம் மிச்சமிருக்கிறது என்று அந்த அவையில் ஒருவரும் கேட்கவில்லை. நம்பி, நீ தோற்றாய், இவருக்குப் பணி செய்வதே கடன் என்று தீர்த்தார்கள். ஆட்டன் கையில் அப்படி ஒரு மூல ஓலை இல்லை, பெடல் ஷாஃப்டும் கியர் பாக்ஸ் கூடும் ஸ்டியரிங் காலமும்தான் இருந்தன. அதை வைத்துக்கொண்டே அவர் வழியைப் பார்த்தார், பங்கைப் பார்க்கவில்லை. சரியாகவே தீர்த்தார் என்று சொல்வேன்.